பாளையங்கோட்டைத் தசராப் பந்தலில் ஒரு புகைத்திரை: நிகழ்வு ஆய்வு

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் சூரசம்காரத்தன்று மகிஷாசூரன் தலை மாற்றி மாற்றி வருவான். சிங்கமுகம், எருமைமுகம், சேவல் என்று அவன் மாறுவதைப் பார்க்கத்தான் மணலில் அத்தனை கூட்டம். பாளையங்கோட்டையில் ஒரு தெருப்பந்தலுக்கு அதே தலைமாற்றத்தை அந்தரத்தில் காட்ட வேண்டியிருந்தது. துணித்திரை தெரியக்கூடாது, கண்ணாடி கூடாது, வேஷம் கட்டிய ஆளும் கூடாது. வெறும் காற்றில் சூரன் நிற்க வேண்டும், காற்றிலேயே கரைய வேண்டும்.

இதற்கான உத்தி நம்மூர்ச் சரக்கல்ல. பின்லாந்தின் தாம்பரே நகரில் இஸ்மோ ராக்கொலைனன், கார்ரி பாலோவுவோரி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. மெல்லிய நீர்ப்புகையைத் தட்டையான தாள்போல மேலிருந்து இறக்கி, அதன்மேல் படம் பாய்ச்சுவார்கள். அக்டோபர் 31-ஆம் தேதி ஹாலோவீனுக்கு வீட்டு வாசலில் பேய் நிறுத்துகிற மேலைநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் ஃபேன், உறிஞ்சுகுழல், பிவிசி பைப்பு என்று வீட்டிலேயே கட்டத் தொடங்கினார்கள். பாளையங்கோட்டையில் முதலில் செய்ததும் அந்த வீட்டுச் செய்முறையை அப்படியே நகலெடுத்ததுதான். அது ஏன் ஓடவில்லை, எதை எதை மாற்றியபிறகு ஓடியது என்பதே இங்கே விஷயம்.

ராத்திரி வந்த புகை சாயங்காலம் வரவில்லை

முதல் கட்டமைப்பில் மூன்று தலை, அதாவது மூன்று வில்லை, கொண்ட மிஸ்டர் ஒன்று. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பீங்கான் வில்லை நொடிக்குச் சுமார் 17 லட்சம் தடவை அதிர்ந்து, நீரைச் சில மைக்ரான் அளவுத் துளிகளாகச் சிதறடிக்கும் கருவி இது. வீட்டு ஹாலில் வைக்கும் அலங்கார நீரூற்றில் இருப்பதும் இதேதான். நள்ளிரவு ஒத்திகையில் சுமாராக ஒரு திரை விழுந்தது. மறுநாள் சாயங்காலம் ஆறரைக்குப் போட்டால் புகையை இறக்கும் பெட்டியின் வாயிலேயே புகை காணாமல் போனது. மிஸ்டர் பழுது என்று வில்லையை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. பழுது கருவியில் இல்லை, புரட்டாசியில் இருந்தது. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் மாதம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கணக்கு இது. 28 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 27 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 75 சதம் என்றால் 20 கிராம் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. இன்னும் 7 கிராமை அது குடிக்கும். குடித்தது போக மிஞ்சுவதுதான் கண்ணுக்குத் தெரியும் புகை. சாயங்காலம் 32 பாகை, 55 சதம் என்று வைத்துக்கொண்டால் அதே காற்று 15 கிராம் குடிக்கும். ஹாலோவீன் ஊர்களின் குளிரில், 10 பாகையும் 70 சதமுமாக இருக்கையில், அது குடிப்பது 3 கிராம்கூட இல்லை. அவர்களுக்கு மூன்று தலை போதும் என்றால் அது அவர்கள் ஊர்க் குளிரின் தயவு.

திரையின் புகைவாய் 1.2 மீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம். அதில் விநாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் இறங்கும் காற்றின் அளவு விநாடிக்கு 29 லிட்டர். மூன்று தலை மிஸ்டர் மணிக்கு 1.2 லிட்டர் தண்ணீரைப் புகையாக்கினால் கன மீட்டருக்கு 11 கிராம் சொச்சம்தான் கிடைக்கும். நள்ளிரவில் அதில் 4 கிராமாவது மிஞ்சும். சாயங்காலம் அத்தனையும் காற்றின் வயிற்றுக்குள் போய்விடும். பத்துத் தலை மிஸ்டருக்கு மாறியதும் மணிக்கு 4 லிட்டர், அதாவது கன மீட்டருக்கு 38 கிராம். சாயங்காலக் காற்று 15 கிராமைத் தின்றாலும் 23 மிஞ்சுகிறது.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நடந்துவரும்போது போடுகிற ஸ்மோக் மெஷினை வைத்தால் என்ன என்று லைட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் புகை கிளைக்கால் என்ற ரசாயனத் திரவத்தைச் சூடாக்கி வருவது, வறண்ட காற்றிலும் சட்டென்று ஆவியாகாது. ஆனால் சூடாக வெளிவருவதால் மேலே ஏறப் பார்க்கும். விட்டுவிட்டுக் கக்கும், தொண்டையைக் கமறவைக்கும். ஐஸ் பெட்டி வழியாக அனுப்பிக் குளிரவைக்கலாம்தான். நம்மூர்ச் சூட்டில் ஒரு ராத்திரிக்கு எத்தனை பார் ஐஸ் என்று கணக்குப் போட்டால் அந்த யோசனை அங்கேயே நின்றுவிடும். நீர்ப்புகை தானாகவே குளிர்ந்தது. கன மீட்டருக்கு 20 முதல் 30 கிராம் துளிகளைச் சுமப்பதால் பக்கத்துக் காற்றைவிடக் கனமானதும்கூட. கீழே விழ அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஒரு சாண் திரை

புகை போதுமான அளவு வந்தபிறகும் திரை ஒரு சாண் உயரம்தான் நின்றது. அதற்குக் கீழே சுருள்சுருளாகக் கிழிந்தது. இந்த இடத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இன்னும் புகையைக் கூட்டுவது. கூட்டினால் கிழிசல்தான் தடிமனாகும். புகைத்திரையில் திரை என்பது புகையல்ல, ஆடாமல் இறங்கும் காற்று. அந்தக் காற்று எப்படி இறங்குகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுகிற சாயம்தான் புகை.

சும்மா நிற்கும் காற்றுக்குள் ஒரு காற்றுப்பட்டை இறங்கும்போது இரண்டும் உரசுகிற ஓரத்தில் சுழல் பிறக்கும். சுழல் இரு பக்கமிருந்தும் உள்நோக்கித் தின்றுகொண்டே வரும். வாயின் அகலத்தைப்போல ஐந்தாறு மடங்கு தூரத்தில் நடுப்பகுதியும் தீர்ந்துவிடும். 3 சென்டிமீட்டர் வாய்க்கு 15 முதல் 18 சென்டிமீட்டர், ஏறக்குறைய அந்த ஒரு சாண்.

ஆகவே புகைப்பட்டையின் இரு பக்கமும் 6 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தெளிந்த காற்றை அதே வேகத்தில் இறக்க வேண்டும். சுழல் இப்போது வெளிஓரத்தைத் தின்னும். நடுவிலுள்ள புகையை அது எட்டுவதற்குள் படம் முடிந்துவிடும். மொத்த அகலம் 15 சென்டிமீட்டர் ஆகிறது, ஐந்தாறு மடங்கு என்றால் 75 முதல் 90. ஓட்டம் சலனமில்லாமல் இருந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் கிடைக்கும். முடிவில் இந்தப் பந்தலில் கிடைத்தது ஒரு மீட்டரும் அதற்குமேல் ஒரு சாணும்.

பக்கக் காற்றுக்கு 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் பக்கத்துக்கு ஐந்து. இவற்றை நேரடியாகக் கீழ்நோக்கி வைத்து ஓட்டிய அன்று முன்பு நின்ற ஒரு சாணும் போயிற்று. ஃபேன் இறக்கை காற்றைத் தள்ளுவதோடு நில்லாமல் முறுக்கவும் செய்யும். நடுக் குமிழுக்குக் கீழே காற்றே இருக்காது, இரண்டு ஃபேனுக்கு இடையில் ஒரு பள்ளம் விழும். முறுக்கிய காற்றைக் கொண்டு புகைக்கு வேலி போட முடியாது. அந்த முறுக்கை அவிழ்ப்பதில்தான் பாதி வேலையும் போனது.

தேன்கூடு

காற்றின் முறுக்கை அவிழ்க்க அதைக் குறுகலான நூற்றுக்கணக்கான குழல்களுக்குள் ஒரே நேரத்தில் அனுப்புவதுதான் வழி. 6 மில்லிமீட்டர் குழலுக்குள் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் காற்றின் ரெய்னால்ட்ஸ் எண், அதாவது ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்று காட்டும் எண், 400-க்கும் கீழே. 2,300-ஐத் தாண்டினால்தான் கொந்தளிப்புக்கு வாய்ப்பு. குழல் இல்லாத 6 சென்டிமீட்டர் வாயில் அதே வேகத்துக்கு அந்த எண் 7,000-ஐத் தாண்டிவிடும். குழலின் நீளம் அதன் விட்டத்தைப்போல எட்டுப் பத்து மடங்கு இருந்தால் போதும்.

வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாம் இதற்கு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைச் சொல்லும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அது தடை, நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல். பேப்பர் ஸ்ட்ராவை வெட்டி அடுக்கிப் பார்த்தார்கள். பக்கவாயில் அது தாக்குப்பிடித்தது. புகைவாயில் முதல் மணிநேரத்திலேயே ஊறி உப்பி, குழலின் வாய் மூடிக்கொண்டது. நனைந்த அப்பளம்போல ஆனதைப் பிய்த்தெடுக்க ஒரு பகல் போயிற்று.

அதற்கு மாற்று ஃப்ளெக்ஸ் கடையில் கிடைத்தது. விளம்பரப் போர்டு ஒட்டுகிற சன்பேக் ஷீட். அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால் வரிசையாகச் சதுரக் குழல்கள். 5 மில்லிமீட்டர் கனத்தில் எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்று வாங்கினால் முழு வேலைக்கும் போதும். குழல்கள் எட்டடி வாக்கில் ஓடுகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நாலடி வாக்கில் குறுக்கே 65 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒரு ஷீட்டில் 37 பட்டை விழும். ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் நீளம். பக்கவாய்க்கு 12 பட்டை அடுக்கினால் 6 சென்டிமீட்டர், இரண்டு பக்கத்துக்கு 24. புகைவாய்க்கு 6. ஆக 30, மிச்சம் 7 வெட்டில் கெடுவதற்கு.

கெடத்தான் செய்யும். மழுங்கிய கத்தி குழலின் வாயை நசுக்கிவிடும். நசுங்கிய ஒவ்வொரு வாயும் திரையில் ஒரு கோடு. இரண்டு பட்டைக்கு ஒருமுறை பிளேடை ஒடித்துப் புதுமுனை எடுக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் உதவாது. ஒட்டுவதற்கு ஃபெவிகாலை எடுக்காதீர்கள், சன்பேக்கின் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது. இரு முனைகளிலும் மட்டும் டபுள் டேப் போட்டு அடுக்கி, பெட்டிக்குள் இறுக்கமாகச் செருகினால் அதுவே நிற்கும்.

இந்தக் குழலடுக்கு, அதாவது தேன்கூடு, முறுக்கை அவிழ்க்கும், ஆனால் மேடுபள்ளத்தைச் சமன்செய்யாது. ஃபேனுக்கு நேர்கீழே வேகம் கூடவும் இடையில் குறையவும் இருந்தால் குழலுக்குக் கீழேயும் அப்படியேதான் இருக்கும். அதற்கு ஃபேனுக்கும் தேன்கூட்டுக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் காலியிடம் விட்டு, அதன் அடியில் கொசுவலையை விறைப்பாக இரண்டு அடுக்கு கட்ட வேண்டும், அடுக்குக்கு அடுக்கு 2 சென்டிமீட்டர் இடைவெளியில். வலை காற்றைச் சற்றே மறிப்பதால் அது நீளவாக்கில் பரவிக்கொண்டு இறங்கும். நாலு அடுக்கு போட்டபோது ஃபேன் திணறி வேகம் விழுந்தது. இரண்டே போதும்.

பெட்டி

மேலே 38 சென்டிமீட்டர், கீழே 15 சென்டிமீட்டர் அகலமாகச் சரியும் புனல்வடிவப் பெட்டி. உயரம் 40, நீளம் 1.22 மீட்டர். வெளிச்சுவர் 9 மில்லிமீட்டர் ப்ளைவுட், உள்ளே இரண்டு கோட் பெயின்ட். உள்ளே மூன்று அறை. ஓரத்து இரண்டும் ஃபேனுக்கு, நடுவறை புகைக்கு.

இங்கே ஒரு சின்ன விஷயம் இரண்டு நாளைத் தின்றது. அறைகளைப் பிரிக்கும் தடுப்புக்கும் ப்ளைவுட்டையே போட்டிருந்தார்கள், 12 மில்லிமீட்டர் கனம். எல்லாம் சரியாக இருந்தும் புகைக்கு இரு ஓரமும் மெல்லிய அலை எழுந்து கீழே வரவரப் பெரிதாகியது. ஆற்றில் மண்டபத் தூணுக்குப் பின்னால் நீர் சுழித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். தடுப்பின் மொட்டை விளிம்புக்குக் கீழே ஒரு காலியிடம் உண்டாகி, இரண்டு பக்கக் காற்றும் அதில் மாறி மாறிச் சுழிக்கும். தடுப்பை 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடாக மாற்றி, அதன் கீழ்விளிம்பைத் தேன்கூட்டின் அடிமட்டத்தோடு சரிசமமாக நிறுத்தியதும் அலை நின்றது. தகடு அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலும் தொல்லைதான்.

வேகத்தைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். வாயின் நெடுக ஒரு சாண் இடைவெளியில் தையல்நூலைத் தொங்கவிட்டால் எந்த நூல் துடிக்கிறது என்பது தெரிந்துவிடும். மீட்டர்கோலைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு கொத்துப் புகையை விட்டு, கைபேசியின் ஸ்லோமோஷனில் எடுத்து, ஒரு மீட்டர் இறங்க எத்தனை நொடி என்று எண்ணலாம். பக்கக்காற்றும் புகையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வரும்வரை ஃபேன்களின் ரெகுலேட்டரைத் திருக வேண்டும். புகையின் கனம் அதைக் கீழே இழுத்து வேகப்படுத்துவதால், பக்கக்காற்றை வாயில் சற்றுக் கூட்டி வைப்பது நல்லது. புகைக்கு 0.8 என்றால் பக்கத்துக்கு 1 மீட்டர். பக்கத்தைக் குறைத்தால் புகை தொடைபோலப் பருத்து வழியும். அதிகம் கூட்டினால் இழுபட்டுக் கிழியும்.

புகையைப் பெட்டிக்குக் கொண்டுசேர்த்தல்

மிஸ்டர் இருப்பது 60 லிட்டர் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில். வில்லைக்கு மேல் நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் புகை குறையும். மிதவையோடு வரும் மிஸ்டரில் அந்தக் கவலை இல்லை. வில்லைக்கு மேலே தண்ணீர் ஒரு சாண் உயரம் பீச்சியடிக்கும் என்பதால் மூடி ஓரடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும்.

புகை போகும் வழியில் ஃபேன் வைக்கக்கூடாது. இறக்கையில் மோதிய துளிகள் ஒன்றுசேர்ந்து சொட்டாகிவிடும். ஃபேன் இரண்டையும் டப்பாவின் மூடியில் வைத்து வெறுங்காற்றை உள்ளே தள்ளினால் புகை தானே வெளியேறும். டப்பாவைத் தரையில் வைத்து பைப்பு வழியாக மேலேற்றிய முதல் முயற்சியில் பாதிப் புகை பைப்புச் சுவரில் படிந்து திரும்பி வழிந்தது. டப்பாவைப் பெட்டியின் மட்டத்துக்கு ஒரு சாரத்தில் ஏற்றியபிறகுதான் சரியானது. தண்ணீரோடு 25 கிலோ வரும். பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அதற்கென்று தனிக்கால் நடவைக்க வேண்டும், பந்தல் கம்பில் கட்டித் தொங்கவிடக் கூடாது.

டப்பாவிலிருந்து நாலங்குல பிவிசி பைப்பு இரண்டாகப் பிரிந்து பெட்டியின் இரு முனையிலிருந்தும் நுழைகிறது. ஒரு முனையில் மட்டும் விட்டால் அந்தப் பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் நீர்மோராகவும் இருக்கும். நடுவறைக்குள் பைப்பு நெடுகிலும் ஓடும். அதன் முதுகில் 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 20 மில்லிமீட்டர் துளை 46. துளை மேல்நோக்கி இருப்பது முக்கியம். புகை மேலே மோதிப் பரவி மெதுவாக இறங்கும், படிந்த தண்ணீர் பைப்புக்குள்ளேயே தங்கும். பைப்பை நடு உயர்ந்து இரு முனைக்கும் சற்றே சரியும்படி கட்டினால் தண்ணீர் டப்பாவுக்கே திரும்பிவிடும். இந்தச் சரிவு இல்லாத ஒத்திகையில் தேன்கூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் ஒவ்வொரு சொட்டும் எரிநட்சத்திரம்போலத் தெரிய, சூரன் முகத்தில் மழை பெய்தது.

கச்சான்

விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும் திரை, 1.2 மீட்டர் விழ ஒரு நொடிக்கு மேல் எடுக்கும். குறுக்கே அரை மீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அடிப்பகுதி இரண்டடி தள்ளிப் போய்விடும். அரை மீட்டர் என்பது முகத்தில் உறைக்காத காற்று. மரத்தில் இலை அசையாது, ஆனாலும் திரை படுத்துவிடும். இதற்கு நம்பகமான கருவி ஊதுபத்தி. புகை ஒரு முழம் நேராக ஏறினால் திரை நிற்கும். சாய்ந்தால் இடத்தை மாற்றுங்கள், புகையையோ ஃபேனையோ கூட்டிப் பயனில்லை.

நெல்லைச் சீமையில் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் தருகிற கச்சான் என்னும் மேல்காற்று ஆடியில் பேயாட்டம் ஆடி, புரட்டாசியில் ஓயும். முழுசாக ஓய்ந்துவிட்டது என்று நம்பமுடியாது, சாயங்காலம் ஒரு மணிநேரம் வந்து எட்டிப்பார்க்கும். கிழமேற்காக ஓடும் தெரு அதற்கு ஒரு குழாய். பந்தலை வடக்கு தெற்கான சந்துக்குள் மாற்றி, 12 அடி அகலமும் 16 அடி ஆழமுமாக மூன்று பக்கம் தார்ப்பாயை இரட்டையாகக் கட்டி, அடியில் மணல்மூட்டை வைத்தார்கள். ஒற்றைத் தார்ப்பாய் போதாது. அது படபடக்கும்போது உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்து ஆட்டும். பின்பக்க உச்சியில் ஒரு முழம் திறப்பு விட வேண்டும். இல்லையென்றால் அரைமணியில் பந்தல் முழுக்க மூட்டம் நிறைந்து ப்ரொஜெக்டர் ஒளி கம்பிபோலத் தெரியத் தொடங்கும். இதெல்லாம் செய்து முடித்தபிறகு ஒருநாள் திரை திடீரென்று காணாமல் போனது. காரணம், வியர்க்கிறது என்று யாரோ போட்ட ஸ்டாண்ட் ஃபேன்.

படம்

படத்தைப் பின்னாலிருந்துதான் பாய்ச்ச வேண்டும். ஒளியலையைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்துளி, வந்த ஒளியில் பெரும்பங்கைப் போகிற திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கும். பார்ப்பவர் பக்கமிருந்து பாய்ச்சினால் வெளிறிய நிழல்தான் மிஞ்சும். பின்னாலிருந்து பாய்ச்சும்போது இன்னொரு சிக்கல், ப்ரொஜெக்டரின் லென்ஸ் நேராகக் கண்ணைக் குத்தும். மேசையில் வைக்கும் ப்ரொஜெக்டர் பெரும்பாலும் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கியே படத்தை விரிக்கும். ஆகவே லென்ஸைப் படத்தின் அடிவிளிம்பு உயரத்தில், மேடையிலிருந்து 1.2 மீட்டரில் வைத்து, அதற்கு முன்னே அதே உயரத்துக்கு ஒரு கறுப்புத் தட்டி நிறுத்தினால் தெருவில் நிற்பவர் கண்ணுக்கு லென்ஸ் படாது. மேடை மூன்றடி உயரம் என்பதும் உதவுகிறது. தூரம் 1.8 மீட்டர், படத்தின் அகலம் 1.2. அலுவலகத்தில் கழித்துப்போட்ட நாலுக்கு மூன்று வாக்குப் பழைய 3,000 லூமன் ப்ரொஜெக்டர் இதற்குப் புது அகலத்திரைக்காரனைவிடப் பொருத்தம், ஏனென்றால் நம் திரை கிட்டத்தட்டச் சதுரம். மெனுவில் பின்புறப் பாய்ச்சலைத் தேர்ந்தெடுக்க மறந்தால் இடவலம் மாறிவிடும். வாள் இடக்கைக்குப் போனதை முதலில் கண்டுபிடிப்பவர் ஒரு பாட்டியாகத்தான் இருப்பார்.

பக்கவாட்டில் நிற்பவருக்குப் படம் மங்கும். நேர்க்கோட்டிலிருந்து இருபுறமும் இருபது பாகைக்குள் கூட்டத்தை நிறுத்தக் கயிறு கட்ட வேண்டும். எதிர்வீட்டு டியூப்லைட்டையும் பந்தலின் சீரியல் செட்டையும் காட்சி நேரத்தில் அணைக்கச் சம்மதம் வாங்க வேண்டும். பின்னணித் துணி பளபளக்காத கறுப்பு.

காட்சிக்கோப்பு முழுக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை, மஞ்சள், வெளிர்பச்சை உருவங்களாக இருக்கட்டும். கருநீலமும் அரக்கும் புகையில் தெரியாது. எழுத்து வேண்டாம், நிற்காது. தலை மாறும் இடத்தில் ஒரு தலை மங்கி அடுத்தது எழ மூன்று நொடி கொடுத்தார்கள். அதைவிட வேகமாக மாற்றினால் புகையின் சலனத்தோடு கலந்து குழம்புகிறது.

திரையின் மேல் இரண்டடி கண்ணாடிபோல நிற்கும், அதற்குக் கீழே மெல்ல நெகிழும், அடியில் பஞ்சாகிவிடும். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று நம்மூரில் சொல்வது இந்தத் திரைக்காகவே சொன்னதுபோல இருக்கிறது. ஹாலோவீன்காரர்கள் பேயை நிறுத்துவதும் அதனால்தானோ என்னவோ. சூரன் தலை நேர்த்தியாக வந்தது. அம்பாளை இதில் காட்டலாமா என்ற பேச்சு வந்தபோது, பாதம் கரைந்துபோகிற அம்பாளைத் தெரு ஏற்காது என்று பெரியவர்கள் மறுத்தார்கள். தொழில்நுட்பப்படி பார்த்தாலும் அவர்கள் சொன்னது சரி. சூலத்தின் முனை மட்டும் மேலிருந்து இறங்குவதாக முடித்துக்கொண்டார்கள்.

தண்ணீரும் கரண்டும்

போர்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பு வில்லையில் படியும். புகை காய்ந்தபின் வெள்ளைப்பொடியாக லென்ஸிலும் கறுப்புத் துணியிலும் விழும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. ஆனால் சுவாசிக்கிற புகை என்பதால் ஆர்.ஓ. கேன் தண்ணீர்தான் சரி. மணிக்கு 4 லிட்டர், மூன்று மணிநேரத்துக்கு 12. ராத்திரி முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டி, டப்பாவைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் வளரும் கிருமிகளை, லெஜியோனெல்லா உட்பட, மறுநாள் கூட்டத்தின்மேல் தெளித்துவிடக் கூடாது. மணக்கட்டும் என்று பன்னீரோ அத்தரோ ஊற்ற யாராவது வருவார்கள். வில்லையும் கெடும், குழந்தைகளின் நெஞ்சுக்கும் ஆகாது. டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

மிஸ்டருக்கு 48 வோல்ட் சப்ளை, ஃபேன் பன்னிரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட் 5 ஆம்பியர். இரண்டு சப்ளையும் டப்பாவுக்குக் கீழே இருக்கக் கூடாது, எட்டடி தள்ளி மேசைமேல். முழு இணைப்பும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக, எர்த் கம்பி சோதித்து. ஈரத்தரை, வெறுங்கால், இரும்புச் சாரம் மூன்றும் சேரும் இடம் இது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. திரை விழும் இடத்தில் தரை வழுக்கும். ஓரடி அகலத் தொட்டியில் எம்-சாண்ட் நிரப்பி வைத்தால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

ஓட்டத் தொடங்கும் வரிசை: பக்க ஃபேன், இரண்டு நிமிடம் கழித்து மிஸ்டர், புகை டப்பாவில் நிரம்பியதும் டப்பா ஃபேன், கடைசியில் படம். நிறுத்தும்போது மிஸ்டரை முதலில் அணைத்து, ஃபேன்களைக் கால்மணி ஓடவிட்டால் தேன்கூடு காய்ந்துவிடும். ஒரு மணிநேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் மிஸ்டரின் சூட்டில் டப்பாத் தண்ணீர் வெதுவெதுப்பாகிப் புகை இறங்க மறுக்கும். 40 நிமிடக் காட்சிக்கு ஒருமுறை பழைய தண்ணீரை மாற்றியது அதனால்தான். விஜயதசமி முடிந்து பிரிக்கும்போது சன்பேக் அடுக்கைக் கழற்றி நிழலில் நிறுத்திக் காயவைத்து, குழல்வாய் நசுங்காதபடி படுக்கவைக்காமல் கட்டி வைக்க வேண்டும். வில்லைகளை வினிகர் நனைத்த பஞ்சால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரமில்லாத டப்பாவில் போடலாம்.